எந்தக் கம்பெனி?

வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையில், படப்பையைத் தாண்டி, ஒரகடத்துக்கு முன்னால் இருக்கிறது சேரப்பணஞ்சேரி. இந்தப் பக்கத்தில் ஒரு பெண் வேலைக்குப் போகிறாள் என்று தெரிந்தால் அடுத்து வரும் கேள்வி ‘என்ன வேலை?’ என்பதல்ல, ‘எந்தக் கம்பெனி?’ என்பதுதான். பஸ்ஸுக்கு நிற்கும் பெரியம்மா கேட்பார், வாடகைக்கு வீடு தருபவர் கேட்பார், பெண் கேட்டு வருபவர்களும் கேட்பார்கள். பதிலாக ஒரு பெயர் வரும். அந்தப் பெயரை வைத்தே சம்பளம், ஷிப்ட், வேலை நிலைக்குமா என்பது வரை கேட்டவர் மனதுக்குள் கணக்குப் போட்டுவிடுவார். அந்தப் பெண் அங்கே கையால் என்ன செய்கிறாள், ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் நிற்கிறாள் என்பது கணக்கில் வராது.

கம்பெனி நமக்கு அவ்வளவு பழகிவிட்ட சொல். நாவலைப் படிக்கும்போது யார் பேசுகிறார்கள், யாரைப் பற்றிப் பேசுகிறார்கள், எதைச் சொல்லாமல் விடுகிறார்கள் என்று பார்ப்போம். அன்றாடப் பேச்சில் புழங்கும் ஒரு சொல்லையும் அப்படிப் படிக்கலாம். இந்தச் சொல்லை அப்படிப் படிக்கும் தேவை பெண்களுக்கு அதிகம்.

முதலில் அதன் பொருள்கள். ஆங்கிலத்தில் கம்பெனி வேறு, ஃபாக்டரி வேறு. ஒன்று சட்டம் உருவாக்கிய அமைப்பு, மற்றது சுவரும் கேட்டும் உள்ள இடம். தமிழில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. ‘கம்பெனிக்குப் போறேன்’ என்றால் இடம். ‘கம்பெனி எடுக்குது’ என்றால் அமைப்பு. கடைக்குப் போனால் இதே சொல் உத்தரவாதமாகிவிடும். ‘இது கம்பெனி அயிட்டம்’ என்றால் நம்பி வாங்கலாம் என்று பொருள். தேர்தல் சமயத்தில் துணை ராணுவம் இத்தனை கம்பெனி வந்திறங்கியதாகச் செய்தி படிக்கிறோம். நண்பர்கள் மத்தியில் ‘ஒரு கம்பெனிக்கு வாயேன்’ என்றால் துணைக்கு வா என்று பொருள்.

இந்தக் கடைசிப் பொருள் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. ஆண் இன்னொரு ஆணுக்குக் கம்பெனி கொடுத்தால் அது நட்பு, அதிகம் போனால் ஒரு குவார்ட்டர். ‘அவ கம்பெனி கொடுப்பாளா’ என்று ஒரு பெண்ணைப் பற்றிக் கேட்டால் அந்தக் கேள்வியின் நாற்றம் நமக்குத் தெரியும். ஆனால் பெண்கள் தங்களுக்குள் இதே சொல்லைப் பாதுகாப்புக்காகப் பயன்படுத்துகிறார்கள். ராத்திரி பஸ்ஸிலிருந்து இறங்கி விடுதிவரை நடக்க, மருத்துவமனைக்குப் போக, ஒரு கம்பெனிக்கு வா என்கிறார்கள். துணை என்ற பழைய சொல் செய்த வேலை அது.

இந்த மண்ணுக்கு இந்தச் சொல் புதிதல்ல. கிழக்கிந்தியக் கம்பெனியைத் தமிழ் ‘கும்பினி’ என்று எழுதிக்கொண்டது. 1639இல் சென்னையில் இடம் பெற்ற அந்த வியாபாரிகள், 1763இல் ஆற்காட்டு நவாபிடமிருந்து செங்கல்பட்டுச் சீமையை ஜாகீராகப் பெற்றார்கள். இன்று ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழில்வழித்தடம் என்று சொல்லப்படும் ஊர்கள் அந்தச் சீமையைச் சேர்ந்தவை. இங்குள்ள ஏரியும் வயலும் யாருக்கு எவ்வளவு விளைவிக்கின்றன என்று ஊர் ஊராகக் கணக்கெடுத்தவர்கள் கும்பினியின் ஆட்கள். நிலத்தை எண்ணாக்கிப் பார்க்கும் பழக்கம் இந்தப் பகுதிக்கு சிப்காட்டோடு வந்ததல்ல.

அந்தக் காலத் தமிழ் அந்த அமைப்பை ‘கும்பினியார்’ என்றும் சொன்னது. வியாபாரக் கூட்டத்துக்கு மரியாதைப் பன்மை. பயத்தினால் வந்த மரியாதைதான் என்றாலும், அந்த ‘ஆர்’ விகுதிக்குள் ஆட்கள் இருந்தார்கள். வரி கேட்பவர், அடிப்பவர், கையெழுத்துப் போடுபவர் என்று அடையாளம் காட்ட முடிந்தது. இன்று ‘கம்பெனி சொல்லிடுச்சு’, ‘கம்பெனி அனுப்பிடுச்சு’, ‘கம்பெனி மூடிடுச்சு’ என்கிறோம். உயர்திணை அஃறிணையாகிவிட்டது. மழை நின்றுவிட்டது என்பதைப்போல கம்பெனி மூடிவிட்டது.

நோக்கியாவை நினைத்துப் பார்க்கலாம். 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தி தொடங்கியது. அங்கே கைபேசி செய்தவர்களில் பெரும்பகுதி இளம்பெண்கள். பலருக்கும் அது முதல் வேலை, குடும்பத்திலேயே முதல் மாதச் சம்பளம். வரிப் பிரச்சினையில் ஆலை சிக்கிக்கொண்டது. கைபேசித் தொழிலை மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது இந்த ஆலையை மட்டும் சேர்த்துக்கொள்ளவில்லை. 2014 நவம்பர் 1 முதல் உற்பத்தி நின்றது. அதற்கு முன்பே ஆயிரக்கணக்கானோர் ‘விருப்ப ஓய்வு’ வாங்கியிருந்தார்கள். இருபத்தைந்து வயதுப் பெண்ணுக்கு ஓய்வு, அதுவும் அவள் விருப்பத்தின்படி! இந்த வரலாற்றில் முடிவெடுத்தவர்கள் இருக்கிறார்கள். வரி விதித்த அரசு, விலை பேசிய இரு பெருநிறுவனங்கள், கணக்குப் பார்த்த அதிகாரிகள் என்று ஒவ்வொருவரையும் சுட்டலாம். ஆனால் வேலையிழந்த பெண் தன் ஊருக்குப் போய்ச் சொன்னது ‘கம்பெனி மூடிடுச்சு’ என்ற ஒரு வாக்கியம். எழுவாய் இருந்தும் செய்தவர் இல்லாத வாக்கியம். அவளுக்கு வேறு வாக்கியம் கொடுக்கப்படவில்லை.

இன்னொரு இலக்கண நுட்பம். தமிழில் ‘எங்கள்’ வேறு, ‘நம்’ வேறு. ‘எங்கள்’ என்றால் கேட்பவர் வெளியே நிற்கிறார். ‘நம்’ என்றால் அவரையும் சேர்த்தாகிவிட்டது. வேலை செய்யும் பெண் ‘எங்க கம்பெனி’ என்பாள். ‘என் கம்பெனி’ என்று அவள் சொல்வதில்லை, அது முதலாளியின் சொல். மேடையில் மைக் பிடிக்கும் மனிதவள அதிகாரி ‘நம்ம கம்பெனி’ என்பார். ‘நம்ம கம்பெனி ஒரு குடும்பம்’ என்றும் சேர்த்துக்கொள்வார். குடும்பம் என்ற சொல்லைக் கேட்டதும் பெண்ணியம் படித்தவர்கள் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். கணக்குப் பார்க்காமல் உழைப்பது, வலியை வெளியே சொல்லாமல் இருப்பது, பெரியவர்கள் சொல்வதற்கு எதிர்க்கேள்வி கேட்காமல் இருப்பது ஆகியவற்றைத்தான் குடும்பம் நம்மிடம் காலங்காலமாகக் கேட்டது. அதே வரிசையை ஆலைக்குள்ளும் கேட்பதற்கு ‘நம்ம’ தேவைப்படுகிறது. லாபத்தைப் பங்கிடும்போது அந்த ‘நம்ம’ காணாமல் போய்விடும்.

பெண்ணின் பெயரில் கம்பெனி இருந்த காலமும் உண்டு. நாடகக் கம்பெனிகளின் காலத்தில், பாய்ஸ் கம்பெனிகளில் சிறுவர்கள் பெண்வேடம் கட்டி ஆடிக்கொண்டிருந்த அந்தத் தலைமுறையில், கும்பகோணம் பாலாமணி அம்மாள் முழுக்கப் பெண்களைக் கொண்டே ஒரு நாடகக் கம்பெனி நடத்தினார். டி. பி. ராஜலட்சுமி சொந்தப் படக் கம்பெனி தொடங்கி, 1936இல் ‘மிஸ் கமலா’வை எழுதி இயக்கினார். இவர்களைப் பெருமைக்காக மட்டும் நினைவுகூர்ந்து கடந்துவிடக் கூடாது. ‘பாலாமணி கம்பெனி’ என்றபோது அந்தச் சொல்லுக்கு ஒரு முகம் இருந்தது. யாரிடம் சம்பளம் கேட்பது, யாரோடு சண்டை போடுவது என்பதில் சந்தேகம் இருந்திருக்காது. இன்று 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டம், பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட கம்பெனிகளின் இயக்குநர் குழுவில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும் என்கிறது. மேலே ஒரு நாற்காலி கிடைத்திருக்கிறது. கீழே நிற்கும் பெண்ணுக்கு யாரைக் கேட்பது என்பது தெளிவாகவில்லை.

சட்டத்தின் கண்ணில் கம்பெனி ஒரு நபர். பங்கு வைத்திருப்பவர்களிடமிருந்து பிரிந்து நிற்கும் தனி நபர் என்று 1896இல் பிரிட்டனின் பிரபுக்கள் சபை சாலமன் வழக்கில் உறுதிசெய்தது. கனடாவின் செனட்டுக்கு நியமிக்கப்படப் பெண்களும் ‘நபர்கள்’தான் என்று லண்டனின் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது 1929இல். கம்பெனி நம்மை முந்திக்கொண்டு ஆளாகிவிட்டது. சொத்து வாங்க, வழக்குப் போட, கடன் வாங்க அது நபர். பொறுப்பேற்க வேண்டிய இடத்தில் மட்டும் நபர் தென்படுவதில்லை.

இந்தத் தொழில்வழித்தடத்தில் ‘எந்தக் கம்பெனி?’ என்ற கேள்விக்குப் பல பெண்களிடம் இரண்டு பதில்கள் உண்டு. கை வேலை செய்யும் கம்பெனி ஒன்று, சம்பளம் போடும் கம்பெனி இன்னொன்று. ‘கம்பெனி ரோல்’ என்றால் நேரடி வேலை. மற்றவர்கள் காண்ட்ராக்ட் அல்லது ட்ரெயினி. ஊரில் கேட்டால் பெரிய பெயரைச் சொல்வாள். கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையிலோ சம்பளச் சீட்டிலோ இருப்பது ஆள் சப்ளை செய்யும் ஏஜென்சியின் பெயர். அவள் பொய் சொல்லவில்லை. அவள் செய்யும் பொருளில் அந்தப் பெரிய பெயர் அச்சாகி உலகமெல்லாம் போகிறது. ‘கம்பெனி அயிட்டம்’ என்று பொருளுக்குக் கிடைத்த உத்தரவாதம், அதைச் செய்தவளுக்குக் கிடைக்கவில்லை என்பதுதான் இங்கே விஷயம்.

2021 டிசம்பரில் இந்தக் கேள்வி நெடுஞ்சாலைக்கு வந்தது. சுங்குவார்சத்திரம் ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் செய்யும் பெண்கள் தங்கியிருந்த விடுதி ஒன்றில் சாப்பாடு நஞ்சாகி 250க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள். 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். சிலர் இறந்துவிட்டதாகப் பேச்சு பரவியது. அது உண்மையல்ல என்று அதிகாரிகள் சொன்னார்கள். ஆனால் கூடப் படுத்திருந்தவள் எங்கே என்று தெரியாதவர்களுக்கு அறிக்கை போதவில்லை. 17ஆம் தேதி இரவு பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். போலீஸ் 60க்கும் மேற்பட்ட பெண்களைப் பிடித்துக்கொண்டு போய்ப் பிறகு விடுவித்தது. ஆலை மூடப்பட்டு 2022 ஜனவரியில்தான் திறந்தது. தொழிலாளர் தங்கும் இடங்களிலும் உணவுக்கூடங்களிலும் சில தங்கள் தரத்துக்கு ஏற்றவையாக இல்லை என்று ஆப்பிள் ஒப்புக்கொண்டு, ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது.

இந்தச் சங்கிலியைப் பாருங்கள். பொருளில் இருக்கும் பெயர் ஆப்பிள். ஆலை ஃபாக்ஸ்கான். ஆள் எடுத்ததும் விடுதி பார்த்துக்கொண்டதும் ஒப்பந்ததாரர்கள். ‘கம்பெனி சாப்பாடு’ என்று பேச்சில் சொல்லப்படும் அந்தச் சோற்றுக்கு எந்தக் கம்பெனி பொறுப்பு? ஒப்பந்தத் தொழிலாளருக்குத் தர வேண்டிய வசதிகளையும் கூலியையும் ஒப்பந்ததாரர் தரவில்லை என்றால் முதன்மை வேலையளிப்பவர் தர வேண்டும் என்று அப்போது நடப்பில் இருந்த 1970ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. அதாவது சட்டத்துக்குக் கேள்வி புரிந்திருந்தது. சாலையில் உட்கார்ந்த பிறகுதான் பதில் சொல்ல ஆள் வந்தார்கள்.

அந்த இரவில் கம்பெனி என்ற சொல்லின் இரண்டு பொருள்கள் நேருக்கு நேர் நின்றதாக எனக்குப் படுகிறது. தங்கள் கம்பெனியை, அதாவது கூட இருந்தவர்களை, கண்ணால் பார்க்க வேண்டும் என்று பெண்கள் கேட்டார்கள். கேட்கப்பட்டது இன்னொரு கம்பெனியிடம். இந்தச் சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது. ‘பானிஸ்’ என்றால் ரொட்டி, அதைச் சேர்ந்து தின்பவர்கள் கூட்டாளிகள். பந்தியிலிருந்து பிறந்த சொல், பந்தியில் வைத்த சோறு நஞ்சானபோது இங்கே விசாரணைக்கு வந்தது.

நம் ஊரில் யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடலாம் என்பது சாதி எழுதிவைத்த சட்டம். வீட்டுக்குள் அந்தச் சட்டத்தைக் காப்பாற்றும் பொறுப்பு பெண் தலையில்தான் வைக்கப்பட்டிருக்கிறது. எந்த டம்ளர் யாருக்கு என்று தெரிந்துவைத்திருப்பது சமையல்கட்டின் வேலை. பல மாவட்டங்களிலிருந்து, பல தெருக்களிலிருந்து வந்த பெண்கள் ஒரே சாம்பாரை ஊற்றிக்கொண்டு, ஒரே அறையில் படுத்தெழும் விடுதி அந்தச் சட்டத்தை மாய்த்துவிடும் என்று நான் சொல்லவில்லை. சாதி விடுதிக்குள்ளும் வரும். ஆனால் ஒரே தட்டத்துச் சோறும் ஒரே ஷிப்ட் தூக்கமும் சேர்ந்து ஒரு கூட்டத்தை உண்டாக்குகின்றன. அந்தக் கூட்டத்தை யாரும் திட்டமிடவில்லை. செலவு மிச்சமாகும், எண்ணுவது எளிது என்பதற்காகத்தான் ஓரிடத்தில் தங்கவைத்தார்கள். அப்படித் தங்கவைக்கப்பட்டவர்கள்தான் ஒரே இரவில் சாலைக்கு வந்தார்கள்.

துணை என்ற பொருளுக்கு இன்னொரு கோணமும் இருக்கிறது. திருமணமான பெண்களை ஃபாக்ஸ்கான் ஆலையின் ஐபோன் வேலைக்கு எடுப்பதில்லை என்று 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் வெளியிட்ட புலனாய்வுச் செய்தி சொன்னது. குடும்பப் பொறுப்பு, கர்ப்பம், விடுப்பு ஆகியவை காரணங்களாகச் சொல்லப்பட்டதாகவும், தாலி, மெட்டி போன்ற உலோக நகைகளும் காரணமாகக் காட்டப்பட்டதாகவும் அதில் இருந்தது. நிறுவனம் மறுத்தது. ஒன்றிய அரசு 1976ஆம் ஆண்டுச் சம ஊதியச் சட்டத்தைச் சுட்டி மாநிலத்திடம் அறிக்கை கேட்டது. குற்றச்சாட்டின் தர்க்கத்தைப் பாருங்கள். வீட்டில் ஒரு துணை இருப்பவளுக்குக் கம்பெனியில் இடமில்லை. திருமணம் ஆகும்வரை அவள் உழைப்பு கம்பெனிக்கு, ஆனபின் புருஷன் வீட்டுக்கு. இரண்டு இடங்களும் போட்டி போடுவதுபோலத் தெரிந்தாலும் ஒரே ஒப்பந்தத்தில்தான் இயங்குகின்றன. ஆணிடம் நேர்காணலில் யாரும் மெட்டியைப் பற்றிக் கேட்பதில்லை. கல்யாணம் ஆன ஆண் ‘பொறுப்பு வந்தவன்’, கல்யாணம் ஆன பெண் ‘பொறுப்பு இருப்பவள்’.

பெண்களுக்கு இரவு வேலையைத் தடுத்த தொழிற்சாலைகள் சட்டப் பிரிவை 2000 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. பாதுகாப்பும் போக்குவரத்தும் தர வேண்டும் என்பது நிபந்தனை. பெண்ணியவாதிகள் வரவேற்க வேண்டிய தீர்ப்புதான். ஆனால் பாதுகாப்பு என்ற சொல் கம்பெனியின் கைக்குப் போனதும் காவலாகிவிட்டது. கம்பெனி பஸ், கம்பெனி விடுதி, வார்டன், இத்தனை மணிக்குள் திரும்ப வேண்டும் என்ற விதி என்று, அப்பா வீட்டில் இருந்ததெல்லாம் இங்கே வேறு சீருடையில் இருக்கிறது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் விடுதியை முதலமைச்சர் திறந்துவைத்தார். 706.50 கோடி ரூபாயில் சிப்காட் கட்டியது. கூரையும் கழிப்பறையும் நல்ல சமையலறையும் சின்ன விஷயங்கள் அல்ல. 2021இல் சாலையில் உட்கார்ந்தவர்களின் பங்கு இந்தக் கட்டடத்தில் இருக்கிறது. அங்கே தங்குபவர்கள் எப்போது வெளியே போகலாம், யார் பார்க்க வரலாம், சமையலறையைப் பற்றி யார் புகார் எழுதலாம் என்பதில் அவர்களுக்கு எவ்வளவு பங்கு என்பது அடுத்த கேள்வி.

இலங்கைத் தமிழில் இது ‘கம்பனி’. சட்டத்தின் பெயரே கம்பனிகள் சட்டம்தான். மலையகத்தில் 1992இல் அரசுத் தோட்டங்கள் பெருந்தோட்டக் கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போயின. அதுவரை தோட்டத்தில் அதிகாரத்தின் பெயர் ‘துரை’. துரைக்கு ஒரு பங்களா, ஒரு முகம். கம்பனிக்குக் கொழும்பில் ஒரு முகவரி. நாளுக்கு 1,000 ரூபாய் என்ற சம்பளக் கோரிக்கை ஆண்டுக்கணக்கில் இழுபட்டு, 2021 மார்ச்சில் வர்த்தமானியில் வந்தபோது கம்பனிகள் நீதிமன்றம் போயின. கொழுந்து பறிக்கும் பெண், தன் கூலியை வழக்காடும் எதிராளியைப் பார்த்ததே இல்லை. ஸ்ரீபெரும்புதூரில் பேசும் தமிழும் நுவரெலியாவில் பேசும் தமிழும் வேறுவேறு. முகமில்லாத இந்தச் சொல் இரண்டிலும் ஒன்றுபோல இயங்குகிறது.

பிறகு, பெயரின் மேலேயே ஒரு போராட்டம் நடந்தது. 2024 செப்டம்பர் 9 முதல் சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பெரும்பாலும் ஆண்கள். சங்கத்தைப் பதிவு செய்வதில் நிர்வாகம் எழுப்பிய எதிர்ப்புகளில் ஒன்று, சங்கத்தின் பெயரில் ‘சாம்சங்’ என்ற சொல் வருவது பற்றியது. நீதிமன்றம் வரை போய், 2025 ஜனவரியில் அந்தப் பெயரோடே சங்கம் பதிவானது. பொருளில் அந்தப் பெயரை ஒட்டும் கைகள் தங்கள் கூட்டத்துக்கு அதே பெயரை வைத்தால் ஏன் சிக்கல் வருகிறது? ஏனென்றால் அங்கே ‘எங்க கம்பெனி’ என்பது உரிமைப் பேச்சாகிறது. ‘எங்க’ என்ற சொல்லுக்கு வெளியே நிர்வாகம் நிற்க வேண்டியிருக்கிறது.

பெண்களுக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது, ஒரு எச்சரிக்கையும் இருக்கிறது. ஒரே ஆலையில் நிரந்தரமாக இருப்பவர்கள் சங்கத்துக்கு ஆலையின் பெயரை வைக்கலாம். மூன்று மாதம் ஒரு ஏஜென்சி, ஆறு மாதம் இன்னொன்று என்று மாறும் பெண்கள் எந்தப் பெயரை வைப்பார்கள்? கல்யாணத்தோடு வேலையும் போய்விடும் என்றால் சந்தா யார் கட்டுவார்கள்? சங்கங்கள் இந்தக் கேள்விக்குத் தங்கள் விதிகளையே மாற்றிப் பதில் தேட வேண்டும். விடுதி அறையும் பஸ் இருக்கையும் சங்கத்தின் இடங்களாக வேண்டும்.

கம்பெனிக்குப் பதில் ‘நிறுவனம்’ என்று எழுதச் சொல்பவர்கள் உண்டு. எழுதலாம், தப்பில்லை. ஆனால் ‘நிறுவனம் மூடப்பட்டது’ என்று எழுதினாலும் மூடியவர் தெரிவதில்லை. எனவே மொழி படிக்கும் மாணவிகளுக்கு ஒரு சின்னப் பயிற்சியைச் சொல்கிறேன். செய்தித்தாளிலோ வீட்டுப் பேச்சிலோ ‘கம்பெனி’ எழுவாயாக வரும் வாக்கியம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த இடத்தில் ஆட்களை வைத்துத் திருப்பி எழுதுங்கள். எடுத்தது யார், அனுப்பியது யார், சமைத்தது யார், சமைக்க எவ்வளவு பணம் கொடுத்தது யார், கையெழுத்துப் போட்டது யார். சில வாக்கியங்களை நிரப்ப முடியாது. நிரப்ப முடியாத இடத்தைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். தகவல் கேட்டு மனு எழுதும்போது அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.